நாலாவது இண்டியானா ஜோன்ஸை ஒதுக்காதீர்கள், அது பிசகிய இடம் வேறு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். இண்டியானா ஜோன்ஸ் என்ற சாகசத் தொல்லியல் பேராசிரியரைப் பற்றிய ஹாலிவுட் தொடரின் முதல் மூன்று படங்களும் அவருக்கும் அவர் தம்பிக்கும் சின்ன வயதில் உயிர். 19 வருஷம் கழித்து 2008-ல் நாலாவது படம் வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்து, பாதியிலேயே மனசு விட்டுப்போனது. அந்தக் கோபத்தில் 2023-ல் வந்த ஐந்தாவதை இன்னும் பார்க்கவே இல்லை. இப்போது 11 வயது மகளோடு எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கப்போகிறார். நாலையும் ஐந்தையும் காட்டலாமா, மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாமா, அத்தனை வருஷம் எடுத்துக்கொண்டும் ஏன் அப்படி எடுத்தார்கள் என்பது அவர் கேள்வி.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றோடு நிறுத்தாதீர்கள், ஐந்து படங்களையும் காட்டுங்கள். நாலாவது படத்தில் மோசமான பகுதிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் எல்லாரும் குறை சொல்கிற இடம் ஒன்று, உண்மையில் பிசகிய இடம் வேறு. 'கடைசியில் பறக்கும் தட்டைக் கொண்டுவந்தார்கள், அதோடு படம் போச்சு' என்றுதான் இங்கே யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள். பறக்கும் தட்டால் அந்தப் படம் கெடவில்லை. அந்தப் படத்தில் இண்டிக்கு வலிக்கவில்லை, அதனால்தான் கெட்டது. நாம் முதல் மூன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்ததற்குக் காரணமே அந்த ஆளுக்கு வலிக்கும் என்பதுதான்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தொடர் பிறந்ததே அப்படி ஒரு யோசனையில்தான். 1977 மே மாதம், தான் எடுத்த ஸ்டார் வார்ஸ் வெளியாகிற நேரத்துப் படபடப்பிலிருந்து தப்பிக்க ஜார்ஜ் லூகாஸ் ஹவாய் தீவுக்குப் போயிருந்தார். அங்கே வந்து சேர்ந்த இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தனக்கு ஒரு ஜேம்ஸ் பாண்ட் படம் எடுக்க ஆசை என்று சொல்ல, அதைவிட நல்லது ஒன்று என்னிடம் இருக்கிறது என்று லூகாஸ் எடுத்துவிட்ட கதைதான் இது. 1930, 40-களில் அமெரிக்க தியேட்டர்களில் வாரம் ஒரு பாகமாக ஓடிய சீரியல் படங்கள் இருந்தன, ஒவ்வொரு வாரமும் ஹீரோ சாகப்போகிற இடத்தில் நிறுத்தி அடுத்த வாரம் வா என்று அனுப்பிவிடுவார்கள், அந்த ருசியை நல்ல செலவில், நல்ல கேமராவில் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது லூகாஸின் ஆசை. இண்டியானா என்பது அவர் வளர்த்த நாயின் பெயர். ஸ்மித் என்று அவர் வைத்திருந்த இரண்டாவது பெயர் ஸ்பீல்பெர்க்குக்குப் பிடிக்காமல் ஜோன்ஸ் ஆனது. முதலில் நடிக்க வேண்டியவர் டாம் செல்லெக், அவர் ஒரு டிவி தொடருக்கு ஒப்பந்தமாகியிருந்ததால் முடியாமல் போய், ஹாரிசன் ஃபோர்டு வந்தார்.

ஜேம்ஸ் பாண்ட் அடிவாங்கிய பிறகும் சட்டை கசங்காது. இண்டிக்கு நேர் எதிர். 1981-ல் வந்த முதல் படம் 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' முழுக்க அந்த மனிதன் தோற்றுக்கொண்டே இருப்பதைக் கவனியுங்கள். பாறை உருண்டுவருகிற முதல் காட்சியில் அவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்த தங்கச் சிலையை வெளியே வந்ததும் எதிரி சாவகாசமாக வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். அந்தப் பாறை ஃபைபர் கிளாஸில் செய்தது, ஆனாலும் மேலே விழுந்தால் அடிபடும் எடைதான், அதன் முன்னால் ஓடியது டூப் அல்ல, ஃபோர்டேதான், பல கோணங்களில் எடுக்கத் திரும்பத் திரும்ப ஓடியிருக்கிறார். லாரிக்கு அடியில் இழுபட்டுப் பின்பக்கமாக வந்து ஏறுகிற காட்சியில் டெர்ரி லெனர்ட் என்ற ஸ்டண்ட் கலைஞர் உண்மையாகவே ஓடுகிற லாரிக்கு அடியில் போனார். 1939-ல் வந்த ஸ்டேஜ்கோச் படத்தில் குதிரை வண்டிக்கு அடியில் யாகிமா கனட் செய்ததற்கு அது ஒரு வணக்கம். துனிசியாவில் வாள் வீசுபவனோடு ஒரு நீண்ட சவுக்குச் சண்டை எடுப்பதாகத் திட்டம், அன்றைக்கு ஃபோர்டுக்குக் கடும் வயிற்றுப்போக்கு, நிற்கவே தெம்பில்லை, அதனால் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டுப் போவதாக மாற்றினார்கள். தியேட்டரில் அதிகம் சிரித்த காட்சி உடம்பு முடியாத ஒரு மனிதனிடமிருந்து வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே எனக்கு அந்தக் கப்பல் காட்சி. லாரிச் சண்டையெல்லாம் முடிந்து இரவில் அறையில் படுத்திருக்கிறார், காதலி மரியன் துடைத்துவிட வருகிறாள், எங்கே தொட்டாலும் வலிக்கிறது என்று கத்துகிறார், சரி எங்கேதான் வலிக்காது என்று அவள் கோபத்தில் கேட்க, முழங்கையைக் காட்டுகிறார், அப்புறம் நெற்றியை. முத்தம் கொடுக்கிறாள். அவர் தூங்கிவிடுகிறார். ஒரு சாகசப் பட ஹீரோ காதல் காட்சியில் களைத்துத் தூங்கிப்போவதை அதற்கு முன்னால் யார் காட்டியிருக்கிறார்கள்? இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாவது படத்துக்கு இது தேவைப்படும்.

இரண்டாவது படம், 1984-ன் 'டெம்பிள் ஆஃப் டூம்', நமக்குக் கொஞ்சம் சங்கடமான படம், அதை மகளோடு பார்க்கும்போது பக்கத்திலேயே இருங்கள். கதை 1935-ல் இந்தியாவில் நடக்கிறது, ஆனால் திரைக்கதையில் மாற்றம் வேண்டும் என்று நம் அரசு கேட்டதில் ஒத்துவராமல் இலங்கையில் கண்டிப் பக்கம் போய் எடுத்தார்கள். அதனால்தான் அந்த 'இந்திய' கிராமத்து ஆட்கள் சிங்களம் பேசுகிறார்கள், நம் காதுக்கு உடனே தெரிந்துவிடும். குரங்கு மூளை விருந்து, காளி என்றாலே நரபலி என்பது போன்ற சித்தரிப்பு, இதெல்லாம் தப்பு, தப்பு என்றே பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். நெஞ்சைக் கிழித்து இதயத்தை எடுக்கிற காட்சியைப் பார்த்துப் பெற்றோர்கள் கொதித்ததும், அதே வருஷம் அமெரிக்காவில் 13 வயதை ஒட்டி ஒரு புதுத் தணிக்கைப் பிரிவு வந்ததற்கு ஒரு முக்கியக் காரணம். இந்தியாவிலும் கொஞ்ச காலம் தடை இருந்தது. ஆனால் வில்லன் மோலா ராமாக வருகிற அம்ரிஷ் பூரியை மட்டும் எனக்கு விட மனசு வராது. தளபதியில் ரஜினிக்கும் மம்மூட்டிக்கும் எதிரே நின்றாரே, அதே அம்ரிஷ் பூரிதான், இந்தப் படத்துக்காக மொட்டை அடித்துக்கொண்டார். படப்பிடிப்பில் ஃபோர்டுக்கு முதுகுத் தண்டில் வட்டு விலகி, விமானத்தில் அமெரிக்காவுக்கு அனுப்பி வைத்தியம் பார்க்க வேண்டியதாயிற்று, அது வரைக்கும் விக் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற டூப் கலைஞரை வைத்துச் சண்டைக் காட்சிகளை ஓட்டினார்கள்.

படம் இருட்டாகிவிட்டது என்று ஸ்பீல்பெர்க்கே பிற்பாடு சொன்னார். அதற்கு ஈடுகட்டுவது போல 1989-ல் 'லாஸ்ட் க்ருசேட்'. ஷான் கானரி அப்பாவாக வருகிறார், ஃபோர்டைவிட 12 வயதுதான் மூத்தவர், ஆனால் திரையில் ஒரு கணம்கூட நமக்கு அது உறுத்தாது. ஜோர்டானில் பெத்ரா நகரத்துப் பாறைக் கோயில், மரக் கோப்பை, அப்பா முதல்முறையாக 'இண்டியானா' என்று கூப்பிடுகிற இடம், கடைசியில் நாலு பேரும் குதிரையில் மறைகிற சூரியனை நோக்கிப் போவது. கதை முடிந்தது என்று ஸ்பீல்பெர்க் மனசார நினைத்துத்தான் அந்த ஷாட்டை வைத்தார்.

அப்புறம் ஏன் 19 வருஷம்? இங்கேதான் உங்கள் கேள்வியின் முக்கியமான பாதி இருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் லூகாஸ் இளம் இண்டியானா ஜோன்ஸ் என்று ஒரு டிவி தொடர் எடுத்தார். சிறுவன் இண்டி உலகம் முழுக்கச் சுற்றுவான், ஓர் அத்தியாயத்தில் காசியில் அன்னி பெசன்ட்டையும் பிள்ளையாக இருந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் சந்திப்பான். அந்தத் தொடரில் ஓர் அத்தியாயத்துக்கு ஃபோர்டு தாடியோடு வந்து 50 வயது இண்டியாக நடித்துக்கொடுத்தார், அதைப் பார்த்ததும்தான் 1950-களில் நடக்கிற இண்டி கதை ஒன்று எடுக்கலாமே என்று லூகாஸுக்குத் தோன்றியது. அவர் கணக்கு ரொம்ப நேர்மையான கணக்கு. முதல் மூன்று படங்களும் 30-களின் சீரியல்களைப் பார்த்துச் செய்தவை. 50-களுக்குப் போனால் அந்தக் காலத்து மலிவு விலைப் படங்களைப் பார்த்துத்தானே செய்ய வேண்டும், அவை என்ன, அணுகுண்டு, ரஷ்ய உளவாளி, பறக்கும் தட்டு. ஆனால் ஏற்கெனவே வேற்றுக்கிரகவாசிகளை வைத்து இரண்டு பெரிய படங்கள் எடுத்துவிட்ட ஸ்பீல்பெர்க்குக்கு மறுபடி அதற்குள் போக இஷ்டமில்லை, ஃபோர்டுக்கும் இல்லை. போதாக்குறைக்கு 1996-ல் இன்டிபென்டன்ஸ் டே வந்து அந்தப் பக்கத்தையே அடைத்துவிட்டது. திட்டம் கிடப்பில் போனது.

2000-ல் ஃபோர்டுக்கு அமெரிக்கத் திரைப்படக் கழகம் விருது கொடுத்த சமயத்தில் பேச்சு மறுபடி எழுந்தது. ஃபிராங்க் டாராபான்ட் எழுதிய ஒரு திரைக்கதை ஸ்பீல்பெர்க்குக்கு ரொம்பப் பிடித்தது, லூகாஸ் வேண்டாம் என்றுவிட்டார். அதற்குப் பிறகு ஜெஃப் நேதன்சன், கடைசியில் டேவிட் கோப். வேற்றுக்கிரகம் என்று சொல்லாமல் வேறொரு பரிமாணத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பதில் லூகாஸும் ஸ்பீல்பெர்க்கும் சமாதானமானார்கள். ஆக, அந்த 19 வருஷமும் ஒருவர் உட்கார்ந்து செதுக்கிய காலம் இல்லை. லூகாஸ், ஸ்பீல்பெர்க், ஃபோர்டு என்று மூன்று பேர், மூன்று மனசு, மூவரும் தலையாட்டாமல் எதுவும் நகராது, அப்படி ஒவ்வொருவர் விட்டுக்கொடுத்ததையும் சேர்த்துச் செய்த படம் அது. பார்க்கும்போது ஒரு காட்சி லூகாஸ் படமாகவும் அடுத்த காட்சி ஸ்பீல்பெர்க் படமாகவும் தெரிவது அதனால்தான்.

2008 மே மாதம் 'கிங்டம் ஆஃப் தி கிரிஸ்டல் ஸ்கல்' கான் விழாவில் திரையிடப்பட்டு அதே வாரத்தில் உலகம் முழுக்க வந்தது. சுமார் 18.5 கோடி டாலர் செலவு, சுமார் 79 கோடி டாலர் வசூல். பணக்கணக்கில் தோல்வியே கிடையாது.

இப்போது படத்துக்குள் போவோம். 1957. ஃபோர்டுக்கு வயது 65. வயதை மறைக்காமல், தலை நரைத்த ஓர் ஆளாகவே காரின் டிக்கியிலிருந்து இழுத்துக் கீழே தள்ளுகிறார்கள், தொப்பியை எடுத்துத் தலையில் வைக்கிற நிழல் காரின் மேல் விழுகிறது. அந்த ஒரு ஷாட்டில் ஸ்பீல்பெர்க் 19 வருஷத்தைத் தாண்டிவிட்டார். அந்தக் கிடங்குச் சண்டை நன்றாக இருக்கிறது. கல்லூரிக்குள் மோட்டார் சைக்கிள் துரத்தல், யேல் பல்கலைக்கழகத்தில் நிஜ ஆட்களையும் நிஜ வண்டிகளையும் வைத்து எடுத்தது, அது பழைய இண்டியேதான். கம்யூனிஸ்ட் பயத்தில் அமெரிக்க அரசாங்கம் தன் சொந்த ஆட்களையே சந்தேகப்பட்ட காலம், இண்டியே வேலை இழக்கிறார், அவருக்காக டீன் ராஜினாமா செய்கிறார். அப்பா போய்விட்டார், நண்பர் மார்கஸ் போய்விட்டார், இரண்டு பேர் போட்டோவையும் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அந்தச் சின்னக் காட்சிக்காகவே இந்தப் படத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கேட் பிளான்செட்டின் ரஷ்ய அதிகாரி, மரியனாகத் திரும்ப வருகிற கேரன் ஆலனின் சிரிப்பு, இவையெல்லாம் சொத்து.

ஆனால் அந்தக் குளிர்சாதனப் பெட்டி. அணுகுண்டுச் சோதனைக்குக் கட்டிய பொம்மை ஊரில் இண்டி மாட்டிக்கொள்கிறார், ஈயம் பூசிய ஃப்ரிட்ஜுக்குள் புகுந்துகொள்கிறார், வெடிப்பு அதை வானத்தில் தூக்கி வெகுதூரம் எறிகிறது, தரையில் உருண்டு புரண்டு நிற்கிறது, கதவைத் திறந்து இவர் எழுந்து நடக்கிறார். அந்த ஊருக்குள் அவர் நடக்கிற பகுதி, பிளாஸ்டிக் குடும்பம், டிவியில் ஓடுகிற நிகழ்ச்சி, அலறுகிற சைரன், அத்தனையும் அபாரமாக எடுக்கப்பட்டது. பின்னால் எழும்புகிற காளான் மேகத்தின் முன் அந்தத் தொப்பி நிற்கிற ஷாட் இந்தத் தொடரின் மிக நல்ல ஷாட்களில் ஒன்று. தப்பு எங்கே என்றால், எழுந்தவர் நொண்டக்கூட இல்லை. நம்ப முடியாதது நடந்தது என்பதில் எனக்குப் புகார் இல்லை, இரண்டாவது படத்தில் ரப்பர் படகை விமானத்திலிருந்து குதிக்க உபயோகித்தார்களே, அதையும் நம்பவா முடியும்? ஆனால் அங்கே மூன்று பேரும் அலறினார்கள், நனைந்தார்கள், மூச்சு வாங்கினார்கள். இங்கே 65 வயது மனிதன் அணுகுண்டைத் தாண்டியும் உடம்பில் ஒரு விலை கொடுக்கவில்லை. அந்த நிமிஷத்துக்குப் பிறகு படத்தில் எது நடந்தாலும் இவருக்கு ஒன்றும் ஆகாது என்று நம் மனசு முடிவு செய்துவிடுகிறது, பயம் போய்விடுகிறது, பயம் போனால் சாகசம் ஏது.

காட்டுத் துரத்தல் இன்னும் கொடுமை. ஓடுகிற இரண்டு ஜீப்களுக்கு மேலே நின்று கத்திச்சண்டை, கொடியைப் பிடித்துக் குரங்குகளோடு ஊஞ்சலாடும் இண்டியின் மகன், கம்ப்யூட்டரில் செய்த எறும்புக் கூட்டம், அடுத்தடுத்து மூன்று அருவிகளில் விழுந்து ஒருத்தருக்கும் சிராய்ப்பில்லை. ஹவாய் காட்டில் எடுத்தும் அது காடாகத் தெரியவில்லை. முதல் மூன்றையும் படம்பிடித்தவர் டக்ளஸ் ஸ்லோகம்ப், அவருடைய வெயில் முகத்தில் சுடும், தூசி தொண்டைக்குள் போகும். நாலாவதில் யானுஷ் கமின்ஸ்கி அதே பாணியில் செய்ய முயன்றார், ஆனால் எங்கும் ஒரு பால் வெளிச்சம் பரவி நிற்கிறது. 1981-ன் லாரிக் காட்சியையும் 2008-ன் ஜீப் காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், உங்கள் மகளே வித்தியாசத்தைச் சொல்லிவிடுவாள்.

இதற்கு எதிர்ச் சான்று 2015-ல் வந்த மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட். அதுவும் 1985-க்குப் பிறகு 30 வருஷம் கழித்து, அதே இயக்குநர் ஜார்ஜ் மில்லர் திரும்ப எடுத்தது. நடிகரையே மாற்றிவிட்டார். கம்ப்யூட்டர் வேலை அதிலும் நிறைய உண்டு, ஆனால் நமீபிய பாலைவனத்தில் நிஜ வண்டிகள் நிஜமாகப் புரண்டன, ஹீரோ படத்தின் முதல் பகுதியில் ரத்தம் எடுக்கப்படுகிற கைதி. நம் ஊரிலேயே 1996-க்குப் பிறகு 28 வருஷம் கழித்து வந்த இந்தியன் 2-ல் எனக்கு இருந்த குறையும் இதே வகைதான், சேனாபதியின் வயது கதையில் எங்கேயும் பாரமாக இறங்கவில்லை.

இனி நாலாவது படத்தின் தலைப்பிலேயே இருக்கிற பளிங்கு மண்டை ஓட்டைப் பற்றி, ஏனென்றால் நான் புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் பக்கம் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன், இதை விட்டுவிட்டுப் போக முடியாது. படத்தில் வருகிற பளிங்கு மண்டை ஓடுகளுக்கு முன்மாதிரியாக உண்மையான கல் மண்டை ஓடுகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1897-ல் ஒன்றை வாங்கியது, பழைய மெக்சிகோ நாகரிகத்தைச் சேர்ந்தது என்று வெகுகாலம் நம்பப்பட்டது. மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது நகைப் பட்டறைச் சக்கரத்தால் அறுத்த தடங்கள் தெரிந்தன, கொலம்பஸ் வருவதற்கு முன்னால் அமெரிக்காவில் அப்படிச் சக்கரமே கிடையாது. தடயம் பின்னால் போய் நின்ற இடம் யூஜென் போபான் என்ற பிரெஞ்சுப் பழம்பொருள் வியாபாரியிடம். 19-ம் நூற்றாண்டில் செய்து விற்ற சரக்கு. படம் வந்த அதே 2008-ல்தான் இந்த ஆய்வு முடிவும் வெளியானது. படம் பார்த்த பிறகு பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால், படத்தைவிட இது அவர்களுக்குப் பிடித்துப்போகிறது.

மூன்றாவது படத்தில் இண்டி வகுப்பில் சொல்வார், தொல்லியலில் பெரும்பகுதி வேலை நூலகத்தில் நடப்பது என்று. நாலாவது படத்தில் மோட்டார் சைக்கிள் நூலகத்துக்குள் சறுக்கி விழும்போது கேள்வி கேட்கிற மாணவனிடம், நல்ல தொல்லியலாளன் ஆக வேண்டுமென்றால் நூலகத்தை விட்டு வெளியே வா என்று மாற்றிச் சொல்வார். இரண்டும் நம் ஊரிலேயே நடந்தது. 1937-ல் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் அரியாங்குப்பம் பக்கத்து அரிக்கமேட்டில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளிடமிருந்து பழைய மணிகளை வாங்கினார், அதில் ஒரு கல்லில் மனிதத் தலை செதுக்கியிருந்தது, ரோமப் பேரரசன் அகஸ்டஸ் என்று அடையாளம் கண்டார். அப்புறம் 1944-ல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த மார்டிமர் வீலர், எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஓர் அலமாரியில் கிடந்த ரோமானிய மதுச்சாடியின் உடைந்த துண்டைப் பார்த்து அதிர்ந்து, இது எங்கே கிடைத்தது என்று கேட்டுக்கொண்டு அன்றைக்குப் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்தார். 1945-ல் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் தோண்டினார்கள். இத்தாலியில் அரெஸ்ஸோ ஊர்ப் பக்கம் செய்யப்பட்ட சிவப்புப் பளபளப்புப் பானை ஓடுகள் கிடைத்தன. அந்த வகைப் பானை எந்தக் காலத்தது என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும், அதனால் அதோடு ஒரே மண் அடுக்கில் கிடந்த நம் பானைகளுக்கும் முதல்முறையாக உறுதியான காலம் கிடைத்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு அது பெரிய திருப்பம். இண்டி பொருளைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறார், வீலர் அடுக்கு அடுக்காகக் கட்டம் போட்டுத் தோண்டினார், பொருள் எங்கே எதோடு கிடந்தது என்பதில்தான் வரலாறு இருக்கிறது, இந்த ஒன்றை மட்டும் மகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

ஐந்தாவதுக்கு வருகிறேன். லூகாஸ்ஃபிலிமை 2012-ல் டிஸ்னி வாங்கியது. ஸ்பீல்பெர்க் இயக்கவில்லை, ஜேம்ஸ் மேன்கோல்ட் வந்தார். 'டயல் ஆஃப் டெஸ்டினி' 2023 ஜூன் கடைசியில் வெளியானபோது ஃபோர்டுக்கு 80, படப்பிடிப்பில் தோள்பட்டையில் அடிபட்டு நிறுத்திவைத்தார்கள். சுமார் 30 கோடி டாலர் செலவழித்து 38 கோடிச் சொச்சம்தான் வசூல், அதனால் தோல்விப் படம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. முதல் 20 நிமிஷம் 1944-ல் ஒரு ரயிலில் நடக்கிறது, கம்ப்யூட்டரால் முகத்தை இளமையாக்கியிருக்கிறார்கள், முகம் இளசு, குரல் கிழடு, அந்த ரயிலில் நடப்பது எதுவும் எனக்கு உறைக்கவில்லை. அது முடிந்து 1969-க்கு வந்ததும், உள்ளாடையோடு தூங்கிப்போய், பக்கத்து வீட்டுப் பாட்டுச் சத்தத்தில் எழுகிற ஒரு கிழவரைக் காட்டுகிறார்கள். தொய்ந்த தோளோடு அப்படியே கேமரா முன் நின்றாரே, அந்தத் தைரியத்துக்கு ஃபோர்டைக் கையெடுத்துக் கும்பிடலாம். சுவரில் ஏறும்போது முட்டியைப் பற்றியும் முதுகைப் பற்றியும் முணுமுணுத்துக்கொண்டே ஏறுகிறார். நாலாவது படம் மறந்துபோன வலியை இந்தப் படம் திரும்பக் கொண்டுவந்துவிட்டது.

தேடுகிற பொருளும் நல்ல தேர்வு. கிரேக்கத் தீவு ஒன்றின் பக்கத்தில் மூழ்கிய கப்பலிலிருந்து 1901-ல் எடுத்த ஆன்டிகிதெரா இயந்திரம், கோள்களின் நகர்வையும் கிரகணத்தையும் பல்சக்கரங்களால் கணக்கிட்ட, 2000 வருஷத்துக்கு முந்தைய கருவி, இன்றைக்கும் ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை ஆர்க்கிமிடீஸே செய்தார் என்பதும், அது காலத்தைத் திறக்கும் என்பதும் படத்தின் கற்பனை.

நாலாவதை ஒதுக்கக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வதற்கு முக்கியமான காரணம் இந்த ஐந்தாவதில் இருக்கிறது. நாலாவதில் அறிமுகமான மகனுக்கு என்ன ஆனது என்று இரவில் ஒரு படகில் இண்டி சொல்கிற இடம் வருகிறது. அந்தப் பையனையும், அந்தக் கல்யாணத்தையும், அப்பாவும் பிள்ளையும் தொப்பிக்காகச் செய்த அந்த விளையாட்டையும் பார்க்காமல் இதற்கு வந்தால் அந்த வார்த்தைகள் வெறும் தகவலாகப் போய்விடும். பார்த்துவிட்டு வந்தால் தொண்டை அடைக்கும். கடைசிக் காட்சியை நான் சொல்லப்போவதில்லை, கப்பல் காட்சி நினைவிருந்தால் உங்களுக்கே புரியும், மகளுக்கும் புரியும்.

எந்த வரிசை என்றால், வெளிவந்த வரிசைதான். கதையில் 1935 முதலில் வருகிறது என்று இரண்டாவதை முன்னால் போடாதீர்கள், முதல் படத்தின் அறிமுகம் வீணாகிவிடும். முதல் படத்தின் முடிவில் முகங்கள் உருகுகிற இடம் 11 வயதுக்குக் கொஞ்சம் அதிகம், இண்டியே கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார், அவளும் மூடிக்கொள்ளலாம். அடுத்தது மூன்றாவதைக் காட்டிவிட்டு, இரண்டாவதை ஒரு வருஷம் தள்ளிப்போட்டாலும் தப்பில்லை, கதை ஒன்றோடொன்று பின்னவில்லை. அதில் குட்டிப் பையன் ஷார்ட் ரவுண்டாக வந்த கே ஹுய் க்வான் 2023-ல் ஆஸ்கர் வாங்கி, அதே மேடையில் ஃபோர்டைக் கட்டிப்பிடித்த வீடியோவைப் படம் முடிந்ததும் காட்டுங்கள். நாலாவதைப் போடும்போது இது 50-களின் மலிவுப் படங்களைப் போல எடுத்தது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பறக்கும் தட்டு அவளுக்கு உறுத்தாது, பிள்ளைகளுக்கு அது எப்போதும் உறுத்துவதில்லை. ஐந்தாவதை நாலாவது பார்த்த அதே வாரத்தில் பாருங்கள், நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு நாள் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரி வாருங்கள். பாரதி பூங்கா பக்கத்தில் செயின்ட் லூயி தெருவிலுள்ள அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளும் பானை ஓடுகளும் இருக்கின்றன, முதலில் அதைப் பார்த்துவிட்டு அரிக்கமேட்டுக்குப் போங்கள். நேரே அங்கே போனால் மாமரமும் ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் இரண்டு தூணும்தான் தெரியும், அந்தத் தூண்கள் 18-ம் நூற்றாண்டுப் பாதிரிமார் கட்டடத்தின் மிச்சம், ரோமானியர் கட்டியதல்ல. தரையில் ஓடு கிடந்தால் மகள் குனிந்து பார்க்கட்டும், ஆனால் எடுத்துப் பையில் போட விடாதீர்கள்.